நடுத்தட்டியை அவிழ்த்த நாள்

இந்த ஜூன் மாதம் ஆசிரியர் வேலையில் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் சென்ற வாரம் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். ஒரே வகுப்பறையில் இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து பாடம் நடத்துவது, ஒருவர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும்போது இன்னொருவர் நாலைந்து பேரைத் தனியே வைத்துக்கொண்டு அவர்களுக்கு வேண்டியதைச் சொல்லித்தருவது, இதெல்லாம் நம் பள்ளிகளில் நடக்கிற காரியமா என்று கேட்டீர்கள். நடக்கும் என்று மட்டும் அப்போது சொன்னேன். உங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மீதியை எழுதித் தருகிறேன் என்றேன். இது அந்த மீதி.

1956ஆம் ஆண்டு முடிவிலிருந்து 1958 கோடை வரை நானும் இன்னொரு ஆசிரியையும் அப்படித்தான் நடத்தினோம். ஆண்டையும் மாதத்தையும் சரியாகச் சொல்வது எனக்குப் பழக்கம். வீட்டில் இதற்காகக் கேலி செய்வார்கள். ஆனால் ஓரிரு மாதம் முன்பின் ஆவதில் ஒருவருடைய வாழ்க்கை திரும்பிப்போவதைப் பார்த்தவள் நான். ஆகையால் கேலியைப் பொருட்படுத்துவதில்லை.

பள்ளி இருந்தது அன்னூருக்கு அருகில், பருத்தியும் சோளமும் விளையும் ஒரு சிற்றூரில். ஜில்லா போர்டுப் பள்ளி. 1956 ஐப்பசி மழையில் நாலாம், ஐந்தாம் வகுப்புகள் இருந்த கட்டடத்தின் மேற்குச் சுவர் இடிந்து விழுந்தது. நல்லவேளை, அன்று ஞாயிற்றுக்கிழமை. சுவர் கட்டும் வரைக்கும் என்று ஊர்க்காரர் ஒருவர் தம் பருத்திக் கிட்டங்கியைக் கொடுத்தார். நீளமான ஒரே கூடம். கிழக்குப் பக்கம் மட்டும் இரண்டு பெரிய ஜன்னல்கள். மேற்குப் பாதி பகலிலும் இருட்டுத்தான். நடுவில் ஒரு மூங்கில் தட்டியைக் கட்டி, இருட்டுப் பாதியில் என்னுடைய நாலாம் வகுப்பையும், ஜன்னல் பாதியில் ஐந்தாம் வகுப்பையும் உட்கார வைத்தார்கள். சுவர் மூன்று வருஷம் கட்டப்படவில்லை.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியையின் பெயரை எழுதப்போவதில்லை. தம்மைப் பற்றி யாரும் எழுதுவதை விரும்பாதவர். கோவை நகரத்துக் கிறிஸ்தவக் குடும்பம், அப்பா சர்ச் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். ஊரில் அவரைக் கோயமுத்தூர் டீச்சர் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவரும் ஜில்லா போர்டு வேலையில் சேர்ந்தது 1953. நான் ஜூன் மாதம், அவர் ஆகஸ்ட்.

தட்டி என்பது பார்வையைத்தான் மறைக்கும், சத்தத்தை அல்ல. நான் பெருக்கல் சொல்லிக்கொடுக்க, அவர் பானிபட்டுச் சண்டையை நடத்த, நடுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்து விழும். இரண்டு வாரம் தொண்டை கிழியக் கத்தினோம். ஒரு நாள் மத்தியானம் அவர் தட்டிக்கு மேலே தலையை நீட்டி, "ஏனுங்க டீச்சர், ரெண்டு பேரும் கத்தறதுக்கு ஒருத்தர் கத்துனாப் போதாதுங்களா? இன்னொருத்தர் சித்த நேரம் வாய மூடிட்டு ஏதாச்சும் உருப்படியாப் பண்ணலாமே" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. திட்டம் போட்டுச் செய்ததல்ல. தட்டியைச் சுருட்டி மூலையில் சாத்தினோம். முற்பகலில் அவர் நின்று இரண்டு வகுப்புக்கும் சேர்த்து நடத்துவார். நான் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகளைக் கிழக்கு மூலையில் வைத்துத் தமிழ் வாசிக்கச் சொல்லித்தருவேன். எங்கள் வீட்டிலும் தெலுங்குதான். நீள்ளு என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தண்ணீர் என்ற எழுத்து எங்கே தடுக்கும் என்று எனக்குத் தெரியும். பிற்பகலில் நான் நிற்பேன், அவர் மூலைக்குப் போவார். பருத்தி எடுக்கப் போய் மூன்று வாரம் கழித்து வந்தவர்கள், கழித்தலில் கடன் வாங்கத் தெரியாதவர்கள், மற்றவர்களைவிட வேகமாக முடித்துவிட்டுக் குறும்பு செய்பவர்கள் என்று வாரத்துக்கு வாரம் அந்த மூலையில் ஆள் மாறும். ஒரே பிள்ளைகள் அங்கே நிலையாக உட்கார்ந்தால் ஊரார் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம்.

பின்னாளில் நான் வாசித்த கல்விப் புத்தகங்களில் இதற்கெல்லாம் பெயர்கள் இருந்தன. எங்களுக்கு அப்போது பெயர் தெரியாது. சுவர் விழுந்தது, அதனால் செய்தோம்.

நிலையாக அந்த மூலையில் உட்கார்ந்தது ஒரே ஒரு பெண். ராமாத்தாள் என்று பெயர். நாலாம் வகுப்பில் இரண்டாம் வருஷம். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கேட்டால் பக்கத்தில் இருப்பவள் முகத்தைப் பார்ப்பாள். மந்தம் என்று முந்தைய ஆசிரியர் எழுதி வைத்திருந்தார், நானும் ஒரு வருஷம் அப்படியே நினைத்திருந்தேன். அவளுடைய அப்பா ஒரு தோட்டத்தில் பண்ணையாள். கூலிக்குப் போகிற வழியில் ஒரு நாள் கிட்டங்கி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்: "டீச்சரம்மா, இந்த வருசம் அஞ்சாவதுக்குப் போனாப் பாக்கலாமுங்க. இல்லீன்னா ஜின்னிங்குக்கு உட்டுர்றனுங். சும்மா உக்காந்து எந்திரிச்சு வர்றதுக்கு எதுக்குங்க பள்ளிக்கூடம்?" அன்னூர்ப் பக்கம் பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங் பேக்டரிகளில் சிறு பெண்களை எடுத்துக்கொள்வார்கள்.

அவளுக்குக் காது கேட்காது என்பது எங்களுக்குத் தெரிந்தது 1957 செப்டம்பரில். நான் நின்று கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கோயமுத்தூர் டீச்சர் மூலையில் ஐந்து பேரை வட்டமாக உட்கார வைத்து, தாமும் தரையில் உட்கார்ந்து, என் பாடத்துக்கு இடைஞ்சல் ஆகக்கூடாதென்று குரலைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து ஏதோ கேட்டிருக்கிறார். நான்கு பிள்ளைகள் காதைக் கொடுத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்கள். "கேக்கலீங் டீச்சர்" என்றார்கள். ராமாத்தாள் மட்டும் பளிச்சென்று பதில் சொன்னாள்.

"அவளுக்கு மட்டும் எப்பிடிங் டீச்சர் கேக்குது?" என்று ஒருத்தி கோபித்துக்கொண்டாள்.

கோயமுத்தூர் டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கையில் சாக்குக்கட்டியோடு நின்றுவிட்டேன். பிறகு அவர் கையால் வாயை மறைத்துக்கொண்டு, இம்முறை சத்தமாகவே, இன்னொரு கேள்வி கேட்டார். நான்கு பேரும் பதில் சொன்னார்கள். ராமாத்தாள் பக்கத்தில் இருப்பவள் முகத்தைப் பார்த்தாள்.

சின்ன வயதில் காதில் சீழ் வந்து போயிருந்ததாக அவள் அம்மா பின்பு சொன்னார். வீட்டில் எல்லோரும் கத்திப் பேசிப் பழகியிருந்ததால் அவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. அன்று முதல் அவளுக்கு வேண்டியது மூன்றுதான்: முகத்துக்கு நேரே ஒரு முகம், ஜன்னல் வெளிச்சம், அவசரப்படாத உதடு. ஒரே கூடத்தில் இரண்டு பாடம் நடப்பதால் மெதுவாகப் பேச வேண்டியிருந்தது. அந்த அடக்கம் அவளுக்கு வாய்ப்பாகிவிட்டது. கார்த்திகைக்குள் வாய்ப்பாடு முழுக்க வந்துவிட்டது. பொங்கலுக்குள் பாடப் புத்தகத்தை நிறுத்தாமல் வாசித்தாள், அவளுக்கே கேட்காத அந்தச் சமமான உரத்த குரலில்.

1958 மாசியில் வருஷாந்திர இன்ஸ்பெக்ஷன் வந்தது. முந்திய நாள் மாலை தலைமையாசிரியர் கிட்டங்கிக்கு வந்தார். ஊரில் அவரைப் பெரியவாத்தியார் என்பார்கள். வயிற்றெரிச்சல் இல்லாத மனிதர்.

"ஏனுங் டீச்சர், நாளைக்கி அந்தத் தட்டிய எடுத்து நடுவால கட்டிப்போடுங்க. ஆளுக்கொரு போர்டு, ஆளுக்கொரு கிளாசு. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்து நடத்தறது இன்ஸ்பெக்டருக்குத் தெரிஞ்சுதுன்னு வெய்ங்க, அப்ப ஒரு வாத்தியார் போதுமேன்னு எழுதிப்போட்டுப் போயிருவாரு. ஒரு போஸ்ட் போயிரும். யாரு போஸ்ட்டுன்னு நான் சொல்லோணுங்களா?"

சொல்ல வேண்டியதில்லை. பின்னால் சேர்ந்தவர்தான் போவார்.

"ஒரு நாளைக்குத்தானுங்களே சார், கட்டிருவோம்" என்றார் கோயமுத்தூர் டீச்சர். "நம்ம பசங்க தட்டிக்கு மேல எட்டிப் பாக்காம இருந்தாச் சரி."

மறுநாள் கட்டினோம். இன்ஸ்பெக்டர் பத்து மணி வாக்கில் வந்தார். கதர்ச் சட்டை, தங்கப் பிரேம் கண்ணாடி, மரியாதையான பேச்சு. அவரைப் பற்றி நான் குறைவாக எழுதினால் அது பொய்யாகும். நாலாம் வகுப்பில் நுழைந்து, "நம்ம ஜில்லாவில ஓடற பெரிய ஆறு எது?" என்று கேட்டார். என் பிள்ளைகள் கை தூக்குவதற்குள் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் ஐந்தாம் வகுப்புப் பையன், "காவேரிங் சார்" என்றான். சேர்ந்து படித்த பழக்கம். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "இங்க கேட்டா அங்கிருந்து பதில் வருமா?" என்றார். பெரியவாத்தியார் சிரிக்கவில்லை.

பிறகு இன்ஸ்பெக்டர் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தபடி கேட்டார். ராமாத்தாளுக்குப் பின்னால் போய் நின்று, "நீ சொல்லு, பவானி ஆறு எங்க காவேரியோட சேருது?" என்றார். அவள் திரும்பவில்லை. தோளைத் தொட்டார். திடுக்கிட்டு எழுந்தாள். மறுபடி கேட்டார். மேற்குப் பாதியின் இருட்டு, போதாததற்கு அவர் புத்தகத்தை முகத்துக்கு முன்னால் பிடித்திருந்தார். அவள் பக்கத்தில் இருந்தவளின் முகத்தைப் பார்த்தாள்.

"சார், அந்தப் பொண்ணுக்குக் காது..." என்று ஆரம்பித்தேன்.

"பாவம்" என்றார். உண்மையிலேயே பாவப்பட்டுத்தான் சொன்னார். பிறகு பெரியவாத்தியார் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ண இப்ப மேல தூக்கிப் போட்டா அங்கயும் இப்படித்தான் நிக்கும். நாலாவதுலயே இருக்கட்டுமே" என்றார். பெரியவாத்தியார் தலையாட்டினார். இன்ஸ்பெக்டர் வாயால் ஒன்று சொல்லிவிட்டால், அந்தக் காலத்தில் அதற்குமேல் தேர்ச்சிப் பட்டியலில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

நான் அவள் எதிரே போய் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டேன். பயத்தில் அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோவாயைத் தூக்கிப் பார்க்க வைத்தாலும் அந்த இருட்டில் என் உதடு அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது தட்டி விழுந்தது. கோயமுத்தூர் டீச்சர் அந்தப் பக்கமிருந்து கயிற்றை அவிழ்த்திருந்தார். இரண்டு ஜன்னல் வெளிச்சமும் ஒரே வீச்சில் கூடம் முழுக்கப் பரவியது. அவர் யாரையும் பார்க்காமல் நேரே வந்தார். ராமாத்தாளைக் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் கூட்டிப்போய் உட்கார வைத்து, எதிரே தாமும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். "பாரு கண்ணு" என்று உதட்டை அசைத்தார். கேள்வியைக் கேட்டார், குரலில்லாமல்.

"பவானியிலீங் டீச்சர். கூடுதுறையில" என்றாள் ராமாத்தாள். கூடம் அதிர்ந்தது.

வாய்ப்பாடு கேட்டார். சொன்னாள். வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெல்ல வந்து, அவரும் குனிந்து முகத்துக்கு நேரே ஒரு கணக்குக் கேட்டார். அவருக்கும் விடை சொன்னாள். அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை இப்போதும் என்னால் நினைக்க முடிகிறது. "எனக்கும் சொல்லிருச்சே!" என்றார். பெரியவாத்தியாரிடம், "நான் சொன்னத விட்டுருங்க. இந்தப் பொண்ணு அஞ்சாவதுக்குப் போகட்டும்" என்றார்.

பிறகு கோயமுத்தூர் டீச்சரிடம் திரும்பினார். "நீங்க அஞ்சாவது டீச்சர்தானே? நாலாவதுல இருக்கற பொண்ணோட விஷயம் உங்களுக்கு இவ்வளவு எப்படித் தெரியும்?"

பெரியவாத்தியார் கூரை ஓட்டைப் பார்த்தார். கோயமுத்தூர் டீச்சர் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "ரெண்டு கிளாசையும் ரெண்டு பேருந்தானுங்க சார் பாக்கறோம்."

நீங்கள் நினைப்பதுபோல இன்ஸ்பெக்டர் கோபிக்கவில்லை. விவரம் கேட்டார். நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். நடத்திக் காட்டுங்கள் என்றார். நான் நின்று, நாலும் ஐந்தும் சேர்ந்து ஐம்பது பிள்ளைகளுக்கு பவானி தொடங்கும் மலையிலிருந்து கூடுதுறை வரைக்கும் நடத்தினேன். கோயமுத்தூர் டீச்சர் மூலையில் ஐந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். ஒரு பிள்ளை நெளியவில்லை. என் பணிக்காலத்திலேயே நான் நடத்திய மிக நல்ல பாடம் அதுதான். இன்ஸ்பெக்டர் மத்தியானம் வரை இருந்து பார்த்துவிட்டு, வாசலில் நின்று கைகூப்பி, "இப்படி ஒரு டீச்சர் இருந்தா ஐம்பது என்ன, அறுபது பிள்ளைகளைக்கூடக் குடுக்கலாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பூரிப்பாக இருந்தது. அந்தப் பூரிப்பு அன்னூர் பஸ் நிற்கும் இடம் வரை நடந்து போகும்போதுதான் இறங்கியது.

பருத்திக் காட்டு வழியே நாங்கள் இருவரும் போய்க்கொண்டிருந்தோம். "தெரிஞ்சுதான் அவுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"தெரியாமயாங்க? பெரியவாத்தியார்தான் அத்தன தெளிவாச் சொன்னாரே" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "அவுக்காம இருந்திருந்தா நாளைக்கி அவங்கப்பா வந்து நிப்பாரு. அவர எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பாக்கறதுங்க?" என்றார்.

ஏப்ரலில் ராமாத்தாள் ஐந்தாம் வகுப்புக்குத் தேறினாள். ஜூனில் பள்ளி திறந்த வாரம் உத்தரவு வந்தது. நாலையும் ஐந்தையும் சேர்த்து ஒரே ஆசிரியை திறமையாக நடத்திவருவதால் ஒரு பணியிடம் உபரி. பணியில் இளையவருக்கு அந்தியூர்ப் பக்கம் மாற்றல். அந்தியூரும் அப்போது கோவை ஜில்லாதான்.

"அந்தியூருங்களா? குதிரைச் சந்தை கூடுமே, அந்த ஊரா?" என்றார் கோயமுத்தூர் டீச்சர். "குதிரைகளுக்கும் சேத்துச் சொல்லிக்குடுக்கச் சொல்லுவாங்களோ என்னமோ." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பெரியவாத்தியார் மனுப் போட்டார், நானும் ஒரு மனுப் போட்டேன். மூலையில் உட்கார்ந்திருந்தவர் செய்த வேலை என்ன என்று இரண்டு பக்கம் எழுதினேன். பதில் வரவில்லை. கடைசி நாள் அவர் ராமாத்தாளை ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தி உதட்டை அசைத்து ஏதோ சொன்னார். நாங்கள் ஐம்பது பேர் அந்தக் கூடத்தில் இருந்தோம். ஒருவருக்கும் அது கேட்கவில்லை.

இளையவர்களே, இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் வகுப்பு நன்றாக நடந்தால், வாசலில் இருந்து பார்ப்பவருக்கு நிற்பவரின் திறமைதான் தெரியும். ஐம்பது பேர் அமைதியாக இருந்தது எப்படி? தடுமாறக்கூடிய ஐந்து பேரை இன்னொருவர் எடுத்துக்கொண்டதால். அவர் போன மறுநாள் அந்த ஐந்து பேரும் என் வரிசைக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் பாராட்டிய ஆசிரியை அதோடு இல்லாமல் போனாள். உங்களைப் பார்க்க வருபவர்களிடம் நிற்பவர் நடத்துவதை மட்டும் காட்டாதீர்கள். உட்கார்ந்திருப்பவரை எழுந்து வெளியே போகச் சொல்லிவிட்டு, அந்த வகுப்பு என்ன ஆகிறது என்பதையும் காட்டுங்கள். எங்களுக்கு அன்று அது தோன்றவில்லை. நடத்திக் காட்டுங்கள் என்றார், நன்றாக நடத்திக் காட்டினோம்.

அந்த வருஷம் நான் செய்து பார்க்காதது இல்லை. ராமாத்தாளை முன்வரிசையில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். அவளைப் பார்த்தே பேசினேன். ஆனால் கரும்பலகையில் எழுதத் திரும்பினால் அவளுக்குப் பாடம் அறுந்துவிடும். பின்வரிசையைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினால் அறுந்துவிடும். பக்கத்துப் பெண்ணை உதட்டை அசைத்துச் சொல்லித்தரச் சொன்னேன். இரண்டு நாள் செய்தாள், பிறகு அது விளையாட்டாகி, வேண்டுமென்றே தப்புத் தப்பாக அசைத்துச் சிரித்தார்கள். பெரியவாத்தியார் தினமும் அரைமணி நேரம் வந்து நின்றார். அவருக்கும் மூன்று வகுப்புகள், மத்தியானச் சோற்றுப் பொறுப்பு வேறு. ஐப்பசியோடு நின்றுவிட்டது. தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளில் இரண்டு பேர் அதற்குள் பள்ளிக்கு வருவதையே விட்டிருந்தார்கள்.

1959 மாசி. பருத்தி வெடித்த காலம். ஒரு நாள் பிற்பகல் மற்றவர்களுக்குக் கணக்குப் போட்டுவிட்டு ராமாத்தாள் எதிரே தரையில் உட்கார்ந்து பின்னம் சொல்லித்தந்துகொண்டிருந்தேன். பின்னால் சண்டை. எழுந்து போய் விலக்கிவிட்டு வந்தேன். விட்ட இடத்தைத் தேடி ஆரம்பிப்பதற்குள் சிலேட்டு விளிம்பு பட்டு ஒரு பிள்ளைக்கு நெற்றியில் ரத்தம். எழுந்து போனேன். திரும்பி வந்து உட்கார்ந்து, "எங்க உட்டோம் அம்மணி?" என்றேன். பின்னால் மறுபடி இரைச்சல். நான் தரையில் கையை ஊன்றினேன்.

ராமாத்தாள் என் கைமேல் கையை வைத்தாள்.

"நீங்க அவியளுக்குச் சொல்லிக்குடுங் டீச்சர்" என்றாள். "எனக்குப் போதுமுங்க."

ரகசியமாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். அவளுக்கு அவள் குரல் தெரியாது. கூடம் முழுக்கக் கேட்டது. இரைச்சல் அடங்கிவிட்டது. அவள் சிலேட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய், மேற்குப் பாதியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கூப்பிட்டேன். அந்த இருட்டிலிருந்து அவளுக்கு என் வாய் தெரிந்திருக்காது.

அடுத்த வாரம் அவளுடைய அப்பா வந்தார். தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"பேர எடுத்துருங் டீச்சரம்மா."

"அஞ்சாவது முடிய ரெண்டு மாசந்தானுங்க இருக்குது" என்றேன்.

"தெரியுமுங்க. நீங்க ரெண்டு பேரு இருந்தப்ப ஊட்டுக்கு வந்து வாய வாய அசைச்சுக் காட்டுவா. என்ற சம்சாரமும் அசைச்சுப் பழகுனா. ஊடே சிரிப்பாக் கெடந்துச்சுங்க. இப்பப் பேசறதே இல்லீங். உங்களக் கொற சொல்லலீங்க. அவதான் சொன்னா, டீச்சர் ஒருத்தியா என்ன பண்ணுவாங்கன்னு."

"ஜின்னிங்குல அந்தச் சத்தத்துக்குள்ள இந்தப் புள்ளைய விட்டா..."

"சத்தத்துல அவளுக்கென்னங்க?" என்றார். "அந்த மிசுனு ஓடறப்ப நல்ல காதுக்காரனுக்கே ஒண்ணுங் கேக்காதுங்க. அங்க எல்லாரும் வாயப் பாத்துத்தான் பேசிக்குவாங்க. அங்க போனா அவளும் மத்தவங்களும் ஒண்ணுதானுங்க."

வருகைப் பதிவேட்டை எடுத்து அவள் பெயரை அடித்தேன். அவர் மகளுக்குக் கெடுதல் செய்ய வந்தவர் அல்ல. அவள் நாலு பேரைப் போல இருக்கக்கூடிய ஓரிடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு வந்திருந்தார். அப்படி ஓரிடம் முந்தின வருஷம் எங்கள் கிட்டங்கியில் இருந்தது.

கோயமுத்தூர் டீச்சர் மாதம் ஒரு கார்டு போடுவார். முடிவில் எப்போதும் ராமாத்தாள் எப்படிப் படிக்கிறாள் என்று ஒரு வரி இருக்கும். இந்தச் செய்தியைக் கார்டில் எழுத எனக்குக் கை வரவில்லை. பங்குனியில் எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பிக்குப் பள்ளி விடுமுறை விட்டார்கள். சத்தி, கோபி என்று பஸ் மாறி அந்தியூர் போய், அங்கிருந்து அவருடைய பள்ளிக்கு நடந்து போனேன். மத்தியான இடைவேளை நேரம். என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தைப் பார்த்ததும், "நின்னுட்டாளா?" என்று கேட்டார். அவருடைய தொண்டை கரகரத்திருந்தது. சளி என்று நினைத்தேன்.

நடந்ததைச் சொன்னேன். சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அழுதாளுங்களா?"

"இல்லீங்க."

"எனக்குப் போதும்னா சொன்னா?"

"ஆமாங்க. நீங்க அவியளுக்குச் சொல்லிக்குடுங்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனா."

அவர் தூக்குப்போசியை ஒதுக்கி வைத்தார். நான்தான் பொறுக்க முடியாமல், தட்டியை அன்று அவிழ்க்காமல் விட்டிருந்தால் அவள் நாலாவதிலேயே இருந்திருப்பாள், நாமும் சேர்ந்தே இருந்திருப்போம், அவளுடைய அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி எப்படியாவது இன்னொரு வருஷம் வாங்கியிருக்கலாமோ என்றேன். அவர் யோசித்தார். சமாதானம் சொல்வதற்காக யோசிப்பவர் அல்ல, கணக்குப் போட்டுப் பார்ப்பவர்.

"எனக்குந் தெரியலீங்க டீச்சர்" என்றார். "ஆனா அவ அங்க வாயே தொறக்காம நின்னா. தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கு அது மட்டுந்தான் கேட்டுச்சு."

மணி அடித்தார்கள். அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனார். சாப்பிடவில்லை. அங்கே அவருக்கு மூன்று வகுப்புகளும் ஒன்றாக ஒரே அறையில், எழுபது பிள்ளைகள் இருக்கும், துணைக்கு யாரும் இல்லை. நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பின்னாலிருந்து அவர் பாடம் நடத்தும் குரல் வந்தது. அடிவயிற்றிலிருந்து எழுப்பி, உடைந்து, மறுபடி எழுப்பி, எழுபது பேரின் இரைச்சலுக்கு மேலே ஒற்றையாகக் கத்திக்கொண்டிருந்தார். பஸ் நிற்கும் முனை வரைக்கும் அது எனக்குக் கேட்டது.